பழைய மரமும் ஏட்டு மதிப்பும்

பழைய இயந்திரம் ஒன்றை வாங்கக் கடன் கேட்டு விண்ணப்பம் வரும்போது, வங்கி முதலில் கேட்பது அதன் விலையை அன்று. அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதையே. அடுத்துப் பட்டயப் பொறியாளர் ஒருவரின் சான்றிதழைக் கேட்போம். இயந்திரத்தின் இன்றைய மதிப்பு என்ன, இன்னும் எத்தனை ஆண்டுகள் அது உழைக்கும் என்னும் இரு வினாக்களுக்கு அச்சான்றிதழ் விடை கூற வேண்டும். கடனைத் திருப்பிச் செலுத்தும் காலம், இயந்திரத்தின் எஞ்சிய ஆயுளைவிட நீளக் கூடாது என்பது பொதுவான நடைமுறை. அச்சு இயந்திரம், லேத், விசைத்தறி, மண் அள்ளும் வண்டி என எதுவாயினும் வழி இதுவே.

இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு விண்ணப்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். வாங்க விரும்பும் பொருள், 37 ஆண்டுகளுக்கு முன் மரத்தால் கட்டப்பட்டது. அது நிற்கும் இடம், வாங்குபவரின் ஊரிலிருந்து ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னையிலிருந்து தில்லிக்கு ரயிலில் செல்லும் தொலைவைவிட அதிகம். நான்கைந்து ஆண்டுகளாக அது இயங்கவில்லை. கட்டுமான வரைபடம் எதுவும் கிடைக்கவில்லை. பிரித்து எடுத்து, லாரிகளில் ஏற்றி, வேறோர் ஊரில் மீண்டும் பூட்ட வேண்டும். பூட்டிய பின்னர் அதில் மனிதர்கள் அமர்ந்து மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பயணம் செய்வார்கள். இத்தகைய விண்ணப்பத்தைப் பரிந்துரைக்கும் கிளை மேலாளரைக் காண்பது அரிது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், எலிஸ்பர்க் என்னும் சிற்றூர் அருகே பொழுதுபோக்குப் பூங்கா நடத்தும் ஒரு குடும்பம் இப்பொருளை வாங்கியது. 1985 ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று அது மீண்டும் ஓடத் தொடங்கியது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பூங்காவின் பெயர் கனோபல்ஸ். ஆங்கில எழுத்துக்கூட்டலில் பொதுவாக விழுங்கப்படும் முதல் 'க' ஒலியை அங்குள்ளோர் தெளிவாகவே உச்சரிக்கின்றனர். வாங்கப்பட்ட பொருள், மரத்தாலான ஒரு ரோலர் கோஸ்டர். சாம்பலிலிருந்து எழும் பறவையை நினைவூட்டும் வகையில் அதற்கு 'பீனிக்ஸ்' என்று பெயரிட்டனர்.

நம் பொருட்காட்சிகளில் ராட்டினம் பழகிய பொருள். ரோலர் கோஸ்டரையும் பெரிய பூங்காக்களில் பலர் கண்டிருப்பர். ஆனால் நாம் பெரும்பாலும் காண்பவை எஃகுக் குழாய்களால் ஆனவை. மரத்தால் ஆனது வேறு இனம். தொலைவிலிருந்து பார்த்தால், கட்டிடப் பணிக்காகக் கட்டிய சாரம் ஒன்று ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு மேடும் பள்ளமுமாக அலைபாய்வது போல் தோன்றும். செங்குத்தான கால்கள், அவற்றைக் கோக்கும் குறுக்குச் சட்டங்கள், சாய்வுத் தாங்கிகள் என ஆயிரக்கணக்கான மரத்துண்டுகள். அவற்றின் உச்சியில் தண்டவாளம். அத்தண்டவாளமும் முழு இரும்பன்று. பலகைகளைப் பல அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து இறுக்கி, சக்கரம் படும் பரப்பில் மட்டும் தட்டையான எஃகுப் பட்டையைப் பதிக்கின்றனர். வண்டி ஓடும்போது இம்முழு அமைப்பும் சற்றே அசைந்து கொடுக்கும். அசைவது குறையன்று, அசைய வேண்டும் என்றே அது கட்டப்படுகிறது. அசையாத மரச்சட்டம் அழுத்தம் தாங்காமல் பிளந்துவிடும்.

வண்டியில் இயந்திரம் கிடையாது. இது பலர் அறியாத செய்தி. நிலையத்திலிருந்து புறப்படும் வண்டியை ஒரு சங்கிலி பற்றி முதல் மேட்டின் உச்சி வரை இழுத்துச் செல்கிறது. அப்போது கேட்கும் கடகட ஓசை, வண்டி பின்னோக்கி நழுவிவிடாதபடி காக்கும் இரும்புக் கொக்கி, பற்சட்டத்தின் ஒவ்வொரு பல்லிலும் ஏறி விழும் ஓசையாகும். பயணிகளுக்கு அது அச்சமூட்டலாம். உண்மையில் அவர்களைக் காப்பதே அந்த ஓசைதான். உச்சியை அடைந்ததும் சங்கிலி விட்டுவிடுகிறது. அதன்பின் நிலையம் திரும்பும்வரை வண்டியைத் தள்ளுவாரும் இல்லை, இழுப்பாரும் இல்லை.

வங்கி மொழியில் கூறினால், கணக்கில் ஒரே ஒரு முறைதான் வரவு வைக்கப்படுகிறது. உயரமே அவ்வரவு. முதல் சரிவில் அது வேகமாக மாறுகிறது. அடுத்த மேட்டில் வேகம் மீண்டும் உயரமாக மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் சக்கரத்தின் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் தமக்குரிய கட்டணத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகையால்தான் பின்னால் வரும் மேடுகள் முதல் மேட்டைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டியுள்ளது. பீனிக்ஸின் உயரம் 78 அடி. முதல் பெருஞ்சரிவின் ஆழம் 72 அடி, அதாவது ஏறக்குறைய 22 மீட்டர். உராய்வே இல்லையெனில் 22 மீட்டர் சரிந்து வரும் பொருள் மணிக்குச் சுமார் 75 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்று பள்ளிப் பாடக் கணக்கு சொல்கிறது. பீனிக்ஸின் வேகமாகக் குறிப்பிடப்படுவது மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர். பிடித்தம் எவ்வளவு குறைவு என்று பாருங்கள். எந்தச் சேமிப்புக் கணக்கும் இவ்வளவு சிக்கனமாக நடந்துகொள்வதில்லை என்று வாடிக்கையாளர்கள் என்னிடம் கூறினால், மறுமொழி கூறச் சற்றுத் தயங்குவேன்.

மேட்டின் உச்சியைக் கடக்கும்போது உடல் இருக்கையைவிட்டு எழும்புகிறது. தண்டவாளம் கீழே வளைகிறது. உடலோ தான் சென்ற திசையிலேயே செல்ல முனைகிறது. அந்த நொடியில் எடையற்றது போன்ற உணர்வு உண்டாகிறது. வண்டியும் இவ்வாறே மேலெழ முனையும் என்பதால், அதைத் தண்டவாளத்தோடு பிணைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் மில்லர், தண்டவாளத்தின் அடிப்புறத்தைப் பற்றி ஓடும் சக்கரங்களை வகுத்து 1919 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் மேலே ஓடும் சக்கரம், பக்கவாட்டில் ஓடும் சக்கரம், அடியில் ஓடும் சக்கரம் என மூன்றும் சேர்ந்து தண்டவாளத்தை மூன்று பக்கமும் கவ்விக்கொள்கின்றன. செங்குத்தான சரிவுகளையும் துள்ளும் மேடுகளையும் துணிந்து கட்ட முடிந்தது அதன் பிறகே.

இத்தொழில் தொடங்கியது அதற்கும் முன்னரே. 1884 ஆம் ஆண்டில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் ஓர் ஊஞ்சல் போன்ற மர இருப்புப்பாதையை அமைத்து, ஆளுக்கு 5 சென்ட் கட்டணம் பெற்றார். அதன் வேகம் மணிக்கு 6 மைல். விரைந்து நடப்பவர் சற்று ஓடினால் உடன் வந்துவிடலாம். ஆயினும் மக்கள் திரண்டனர். 1920களில் அமெரிக்கா முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மர ரோலர் கோஸ்டர்கள் இருந்தன. பின்னர்ப் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, போர் வந்தது, மரமும் ஆளும் கிடைக்கவில்லை. போருக்குப் பின் குடும்பங்கள் கார் வாங்கிக்கொண்டு நகர்ப்புறத்தைவிட்டு அகன்றன. டிராம் பாதையின் முனையில் இருந்த பழைய பூங்காக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1959 இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் எஃகுக் குழாய்த் தண்டவாளம் வந்தபோது, மரத்தின் காலம் முடிந்துவிட்டதாகவே பலரும் எண்ணினர். 1972 இல் ஒகையோ மாநிலத்தின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 'ரேசர்' என்னும் புதிய மர ரோலர் கோஸ்டர் கட்டப்பட்ட பின்னரே ஆர்வம் மீண்டும் துளிர்த்தது.

பீனிக்ஸ் பிறந்தது இவ்விரு காலங்களுக்கும் நடுவே. அதைக் கட்டியது பிலடெல்பியா டொபாகன் கம்பெனி. வடிவமைத்தவர் அந்நிறுவனத்தின் ஹெர்பர்ட் ஷ்மெக். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரில் இருந்த பிளேலேண்ட் பார்க்கில் 1948 ஆம் ஆண்டு 'ராக்கெட்' என்னும் பெயரோடு அது ஓடத் தொடங்கியது. 1980 இல் அப்பூங்கா மூடப்பட்டது. ஓட்டமின்றி, கட்டணம் தருவாரின்றி, டெக்சாஸ் வெயிலில் ராக்கெட் தனியே நின்றது.

வணிகவியல் பயின்றவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கணக்கு போட்டுப் பார்க்காமல் இருக்க இயலாது. நம் நாட்டின் வருமான வரி விதிகளின்படி பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம், குறைந்துசெல்லும் மதிப்பின்மீது கணக்கிடப்படுகிறது. ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு 37 ஆண்டுகள் இவ்வாறு தேய்மானம் கழித்துக்கொண்டே வந்தால் ஏட்டில் எஞ்சுவது சுமார் 245 ரூபாய். நிறுவனங்கள் சட்டம் 2013 இன் இரண்டாம் அட்டவணையோ பொதுவான இயந்திரங்களுக்குப் பயன்தரு ஆயுள் 15 ஆண்டுகள் என்று குறிக்கிறது. அதன்படி பார்த்தால் ராக்கெட்டின் ஆயுள் 1963 ஆம் ஆண்டிலேயே முடிந்திருக்க வேண்டும். இவை இந்திய விதிகள், டெக்சாஸில் செல்லுபடியாகமாட்டா. ஆயினும் எந்த நாட்டு ஏடும் ஏறக்குறைய இதே விடையைத்தான் தந்திருக்கும். ஏட்டைப் பார்ப்பவருக்கு அது விறகு.

கனோபல் குடும்பத்தினர் விறகைப் பார்க்கவில்லை. இதற்கு ஒரு காரணம் உண்டு. அது இக்கதையில் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் எண்ணம். அக்குடும்பத்தின் பழைய தொழில் மரம் அறுப்பது. பூங்காவின் அருகிலேயே அவர்களுடைய மரக்கடை இன்றும் உள்ளது. ஒரு பலகை எப்போது உளுத்தது, எப்போது வெறுமனே வெளுத்தது என்பதை அறிந்த கண்கள் அவர்களுக்கு இருந்தன. மேற்புறம் சாம்பல் நிறமாகிப் போன பலகையை அறுத்துப் பார்த்தால் உள்ளே உறுதியான மரம் இருக்கும். மரம் அறியாதவர் ஒதுக்கிவிடக்கூடிய பொருளை மரம் அறிந்தவர் வாங்கினர். பழைய பொருள் வாங்குவதில் ஆதாயம் எங்கிருந்து வருகிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. விற்பவரைவிட வாங்குபவர் அப்பொருளை நன்கு அறிந்திருக்கும்போதே பெரும்பாலும் அது வருகிறது.

பிரித்தெடுக்கும் பணிக்குச் சார்லஸ் டின் தலைமையேற்றார். கிங்ஸ் ஐலண்டில் மர ரோலர் கோஸ்டர் கட்டும் பணியில் பட்டறிவு பெற்றவர் அவர். வரைபடம் இல்லாத நிலையில் செய்யக்கூடியது ஒன்றே: நிற்கும் கட்டுமானத்தையே வரைபடமாக்குவது. ஒவ்வொரு மரத்துண்டுக்கும் அடையாளம் இட்டு, அது எங்கு நின்றது என்று பதிந்துகொண்டு, அதன் பின்னரே கழற்றினர். சரக்கு இருப்புப் பதிவேட்டை எழுதிப் பழகியவர்களுக்கு அப்பணியின் அருமை புரியும். ஒரு சட்டத்தின் எண் மாறினால் ஒரு வளைவின் சாய்வு மாறும். சாய்வு மாறினால் வேகம் மாறும். வேகம் மாறினால் அடுத்த மேட்டில் பயணியின் உடல் எழும்பும் அளவும் மாறும். லாரிகளில் பென்சில்வேனியா வந்து சேர்ந்த மரம், மலையடிவாரக் காட்டு நிழலில் மீண்டும் அதே வடிவில் எழுந்தது.

மரம் முழுவதும் பழையதாகவே இருந்ததா என்றால், இல்லை. கெட்டவற்றை நீக்கிப் புதியவற்றைச் சேர்த்தனர். எனவே ஒரு வினா எழுகிறது: அக்குடும்பம் உண்மையில் வாங்கியது எதனை? மரத்தை மட்டும் எனில், அவர்களிடமே மரம் இருந்தது. அவர்கள் வாங்கியது வடிவத்தை. எந்த மேட்டுக்குப் பின் எந்தப் பள்ளம், எவ்வளவு இடைவெளியில், எவ்வளவு உயரத்தில் என்று ஷ்மெக் தம் பட்டறிவால் வகுத்த ஒழுங்கை. 32 ஆண்டுகள் டெக்சாஸ் மக்கள் ஏறிப் பார்த்துச் சரியென்று ஒப்பிய வடிவம் அது. புதிதாக ஒன்றைக் கட்டினால் அது நன்றாக அமையுமா என்பது திறப்பு நாள் வரை தெரியாது. இதுவோ ஏற்கெனவே தேறியது. ஏட்டில் 'கட்டுமானம்' என்னும் தலைப்பின்கீழ் எழுதப்பட்டுத் தேய்ந்தது மரத்தின் விலை. வடிவத்தின் விலையை எவரும் எழுதவே இல்லை, ஆகவே அது தேயவும் இல்லை.

இனிப் பராமரிப்பு. மர ரோலர் கோஸ்டரின் முழுப் பொருளியலும் இந்த ஒரு சொல்லில்தான் அடங்கியுள்ளது.

மரம் வெயிலில் சுருங்கும், மழையில் விரியும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆணிகள் சிறிது நெகிழும். மறையாணிகள் சிறிது தளரும். ஆகையால் நாள்தோறும் பூங்கா திறக்கும் முன்னர்ப் பணியாளர்கள் தண்டவாளத்தின் வழியே நடந்து செல்கின்றனர். கையில் சுத்தியலும் திருகுமுடுக்கியும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாததைக் காது சொல்லும். இறுகிய பலகையின் ஓசை வேறு, தளர்ந்த பலகையின் ஓசை வேறு. நடந்து முடித்த பின்னர் ஆளில்லாமல் வண்டியை ஓட்டிப் பார்க்கின்றனர். அதன் பிறகே முதல் பயணி ஏறலாம். குளிர்காலத்தில் பூங்கா மூடியிருக்கும் மாதங்களில் பெரிய பணிகள் நடக்கும். தண்டவாளத்தின் ஒரு பகுதியை அடியோடு எடுத்துவிட்டுப் புதிய பலகைகளை அடுக்குவர். அடுத்த குளிர்காலத்தில் வேறொரு பகுதி. இவ்வாறு சில பத்தாண்டுகள் சென்றால், முதலில் நின்ற மரத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பதைத் துல்லியமாகக் கூறுவது கடினம். ஆயினும் அது அதே ரோலர் கோஸ்டர்தான்.

இச்செலவைக் கணக்கில் எங்கு எழுதுவது? ஒரு பலகையை மாற்றினால் அது பழுதுபார்ப்பு. அவ்வாண்டின் வருவாய்ச் செலவு. முழு வளைவையே புதிதாக்கினால்? அது பல ஆண்டுகள் பயன் தரும். மூலதனச் செலவாகக் கொள்ளலாம். இந்தியக் கணக்கியல் தரநிலை 16 இதற்கு ஒரு வழி சொல்கிறது. பெரிய சொத்து ஒன்றின் முக்கியப் பகுதிகளுக்கு வெவ்வேறு ஆயுள் இருக்குமாயின், அவற்றைத் தனித்தனியே தேய்மானம் செய்ய வேண்டும். ஒரு பகுதியை மாற்றும்போது பழைய பகுதியின் எஞ்சிய மதிப்பை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். கால்சட்டங்கள், தண்டவாளம், சங்கிலி, வண்டிகள் ஆகிய நான்கும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. இவ்விதியை மாணவர்களுக்கு விளக்க விமானத்தின் எந்திரத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். மர ரோலர் கோஸ்டர் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு என்பேன்.

கணக்கியல் தலைப்பைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் அவ்வாண்டின் இலாபம் கூடுதலாகத் தெரியும். ஏட்டில் எந்தச் சிவப்பு எழுத்தும் வராது. தணிக்கையாளர் பார்வையிலும் உடனே படாது. தச்சர் ஒருவரைக் குறைத்தால் ஊதியம் மிச்சம். இருபது பலகைகளை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தால் மரத்தின் விலை மிச்சம். கடன் ஆய்வுக்காக இலாப நட்டக் கணக்கைப் பார்க்கும்போது, பழுதுபார்ப்புச் செலவு திடீரெனக் குறைந்திருந்தால் எங்கள் துறையில் அதனை நற்செய்தியாகக் கொள்வதில்லை. விற்பனை கூடியிருக்க, இயந்திரங்கள் கூடுதல் நேரம் ஓடியிருக்க, பழுதுபார்ப்பு மட்டும் பாதியானது எவ்வாறு என்று கேட்போம். அரிசி ஆலையில் அவ்வாறு மிச்சம் பிடித்தால் ஒரு நாள் ஆலை நிற்கும். மனிதர்களை ஏற்றிச் செல்லும் மரச்சட்டத்தில் மிச்சம் பிடித்தால் நேர்வது அதுவன்று. பழைய மரக் கோஸ்டர்கள் பல கைவிடப்பட்டதற்குக் காரணம் மரம் கெட்டதன்று. நாள்தோறும் நடந்து பார்ப்பவருக்கு ஊதியம் கொடுக்க நிர்வாகம் மனம் கொள்ளாமையே என்று நான் கருதுகிறேன். எஃகுக்கும் பராமரிப்பு வேண்டும். ஆனால் எஃகு சில நாள் பொறுக்கும்; மரம் பொறுக்காது.

அவ்வாறாயின் இத்தனை செலவுக்கும் வருவாய் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் கனோபல்ஸ் மற்றப் பூங்காக்களிலிருந்து மாறுபடுகிறது. பெரும்பாலான பூங்காக்களில் வாயிலிலேயே பெருந்தொகையை வாங்கிவிடுவர். உள்ளே சென்றபின் எதில் ஏறினாலும் தனிக் கட்டணம் இல்லை. கனோபல்ஸில் நுழைவுக் கட்டணம் கிடையாது. வண்டி நிறுத்தவும் கட்டணம் கிடையாது. ஏறுவோர் ஏறும் ஒவ்வொன்றுக்கும் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்; நாள் முழுவதும் ஏற விரும்புவோருக்குத் தனிச் சீட்டும் உண்டு. பேரக் குழந்தைகளை அழைத்து வரும் பாட்டி, மரநிழலில் அமர்ந்து கொண்டுவந்த உணவை உண்டுவிட்டு, ஒரு காசும் கொடுக்காமல் திரும்பிச் செல்லலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது வருவாயை விட்டுக்கொடுப்பது போல் தோன்றும். செலவுக் கணக்கியல் கண்கொண்டு பார்த்தால் வேறொன்று தெரியும். வாயிலில் ஒரே கட்டணம் என்றால், எந்த விளையாட்டு எவ்வளவு ஈட்டியது என்பதைப் பகிர்ந்து ஊகிக்கத்தான் முடியும். தனித்தனிச் சீட்டு விற்கும் இடத்தில் மக்கள் எதை விரும்புகிறார்கள் என்பதை அன்றாடச் சீட்டுக் கட்டே சொல்லிவிடும். பீனிக்ஸ் வண்டி ஒன்றில் நான்கு பெட்டிகள். பெட்டிக்கு மூன்று வரிசை, வரிசைக்கு இருவர். ஆக 24 பேர். ஓட்டம் ஏறக்குறைய இரண்டு நிமிடம். தன் பராமரிப்புக்குரியதை அது தானே ஈட்டியாக வேண்டும். ஈட்டுகிறதா இல்லையா என்பது ஒவ்வொரு மாலையும் தெரிந்துவிடும். பாட்டிக்குக் கட்டணம் இல்லாததால் பாட்டி வருகிறார். பாட்டி வருவதால் பேரக் குழந்தைகள் வருகின்றனர். 1926 ஆம் ஆண்டில் ஒரு நீச்சல் குளத்தோடு தொடங்கிய பூங்கா, இன்னமும் அதே குடும்பத்தின் கையில் இருப்பதற்கு இக்கணக்கும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பீனிக்ஸின் வெற்றிக்குப் பின் அக்குடும்பம் எடுத்த எல்லா முயற்சிகளும் எளிதில் முடிந்துவிடவில்லை. டென்வர் நகரின் எலிட்ச் கார்டன்ஸ் பூங்காவில் இருந்த 'மிஸ்டர் ட்விஸ்டர்' என்னும் புகழ்பெற்ற மரக் கோஸ்டரையும் கொண்டுவர எண்ணினர். அதை இடம்பெயர்ப்பது கைகூடாது எனத் தெரிந்தபோது, அதன் வடிவைத் தழுவிப் புதிய மரத்திலேயே கட்டினர். 1999 இல் அது திறக்கப்பட்டது. பழையது என்பதற்காகவே பழையதை வாங்குபவர்கள் அல்லர் அவர்கள் என்பதற்கு இது சான்று.

'ஃபிளையிங் டர்ன்ஸ்' என்பது மற்றொன்று. இதில் தண்டவாளமே கிடையாது. பனிச்சறுக்கு வண்டி செல்வது போல, மரத்தாலான அரைவட்ட வாய்க்காலுக்குள் வண்டி தன்போக்கில் உருண்டோடும். 1920களின் இறுதியில் தோன்றிய இவ்வகை, உலகில் எங்குமே எஞ்சாமல் மறைந்துவிட்டிருந்தது. 2006 இல் கட்டத் தொடங்கினர். மரவேலை பெரிதும் முடிந்த பின்னரும் வண்டியின் சக்கரங்கள் ஒத்துழைக்கவில்லை. மாற்றினர், மீண்டும் மாற்றினர். 2013 அக்டோபரில்தான் பயணிகள் ஏறினர். ஏழு ஆண்டுகள். திட்டக் கடன் பிரிவில் பணியாற்றுவோர் இந்த எண்ணைக் கேட்டால் திடுக்கிடுவர். வங்கிக் கடனில் நடக்கும் திட்டங்களுக்கு வணிக இயக்கம் தொடங்கும் நாள் என்று ஒன்று முன்னரே குறிக்கப்படும். அந்நாள் தள்ளிப்போகத் தள்ளிப்போகக் கட்டுமானக் கால வட்டி முதலோடு சேர்ந்து வளரும். அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டினால் கடனின் வகைப்பாடே மாறிவிடும். ஆகவே இதுவரை எவரும் செய்து பாராத ஒன்றை முழுக்கக் கடனில் செய்ய முனையும் வாடிக்கையாளரிடம், சொந்த முதலீட்டின் பங்கைக் கூட்டுமாறு நாங்கள் வற்புறுத்துவோம். அது கெடுபிடி அன்று. சக்கரம் எப்போது சரியாகும் என்பதை எந்தத் தவணை அட்டவணையாலும் சொல்ல முடியாது.

பீனிக்ஸ் இத்தகைய தொல்லை எதையும் தரவில்லை. அதன் சக்கரங்களும் சரிவுகளும் 1948 இலேயே தேர்வெழுதி முடித்தவை. உயரத்தில் அதனைவிடப் பெரியவை பல உள்ளன. வேகத்தில் இருமடங்கைத் தொடும் எஃகுக் கோஸ்டர்களும் உள்ளன. ஆயினும் 'அம்யூஸ்மென்ட் டுடே' என்னும் தொழில்துறை இதழ் ஆண்டுதோறும் வழங்கும் கோல்டன் டிக்கெட் விருதுகளில் 2018 ஆம் ஆண்டும் 2019 ஆம் ஆண்டும் உலகின் சிறந்த மர ரோலர் கோஸ்டராகப் பீனிக்ஸ் தேர்வு பெற்றது. அப்போது அதன் வயது 70ஐத் தாண்டியிருந்தது. ரோலர் கோஸ்டர் ஆர்வலர்கள் அதற்காகவே ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் எலிஸ்பர்க்கில் ஒன்றுகூடுகின்றனர்.

ஏறிச் செல்பவருக்கு என்ன நேர்கிறது என்பதையும் கூறிவிடலாம். இருக்கையில் அமர்ந்ததும் மடிக்கு மேலே ஒற்றைக் கம்பி வந்து நிற்கும். தொடையை இறுக்கி அழுத்தாது, சிறிது இடைவெளி விட்டே நிற்கும். வண்டி நிலையத்தைவிட்டு நகர்ந்ததும் நேரே மேட்டுக்குச் செல்வதில்லை. நீண்ட இருட்டுக் குகைப்பாதை ஒன்றினுள் நுழைகிறது. கண் எதையும் காணாத அந்நேரத்தில் மரத்தின் முனகல் மட்டும் கேட்கும். குகையைவிட்டு வெளியேறியதும் சங்கிலி பற்றுகிறது. கடகட ஓசை தொடங்குகிறது. 78 அடி உயரத்தில் ஒரு கணம் மரங்களின் உச்சிகள் தெரியும். அதன்பின் இருமுறை சென்று இருமுறை திரும்பும் பாதை. முதல் சுற்றில் பெரிய சரிவுகள். இரண்டாம் சுற்றில் சிறிய மேடுகள் நெருக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக. உச்சியில் வரவு வைத்த உயரம் ஏறக்குறையத் தீர்ந்துவரும் நேரம் அது. இருந்தும் ஒவ்வொரு சிறு மேட்டிலும் உடல் கம்பி வரை எழும்பி மீண்டும் இருக்கையில் அமர்கிறது. மாலையில், பகல் வெயிலில் சூடேறிய மசகு இளகியிருக்கும்போது, காலையைவிட வண்டி சற்று விரைந்தோடும் என்பது மரக் கோஸ்டர் ஆர்வலர்கள் நன்கறிந்த செய்தி. ஆகவே அவர்கள் கடைசி ஓட்டத்திற்காகக் காத்திருந்து ஏறுகின்றனர்.